காதைக் கழற்றி வைத்துவிட்டு

கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை.
ஒரு வலை, ஒரு பச்சைப் பாய், வாளி நிறையப் பந்து,
தூரம் சொல்லும் சின்னப் பெட்டி.
அங்கேதான் பன்னிரண்டு வருஷமாக
ஒரே பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தேன்:

இது அடித்துச் செய்தது.
செக்கச் சிவந்த எஃகுக் கட்டியைச்
சம்மட்டி மிதித்து மிதித்து உருவானது.
பந்து பட்டால்
வாழைப்பழத்தில் ஊசி இறங்குகிற மாதிரி.
அது வார்த்தது.
மெழுகில் உருவம் செய்து, மெழுகை உருக்கி விரட்டி,
அது இருந்த வெற்றிடத்தில் எஃகை ஊற்றியது.
கையில் கொஞ்சம் கணகணக்கும்.
ஆனால் பிழை பொறுக்கும்.

நவம்பர். சதர்லாந்துக் கரை முழுக்க மழை.
உனா சின்க்ளேர் வந்தாள்,
நிக் துறைமுகத்தில் எண்ணெய் மேடைகளுக்கு
இருபத்தாறு வருஷம் பற்றவைத்தவள்.
மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
மீனின் செவுளைப் பார்ப்பதுபோல.
பாடத்தை ஒப்பித்தேன்.
அடித்துப் பார்த்துவிட்டு
"ஆமாம் மன்ரோ, இது மெத்தென்றுதான் இருக்கிறது" என்றாள்.
விலைச்சீட்டை எடுக்கப் போனேன்.

கூரையில் மழை வலுத்தது.
"சனியன்" என்று முணுமுணுத்து
இரண்டு காதிலிருந்தும் கருவிகளைக் கழற்றித்
தொப்பிக்குள் போட்டாள்.
மறுபடி ஏழாம் நம்பர். அடித்தது, வார்த்தது,
வார்த்தது, அடித்தது.
பிறகு கொட்டகை அதிரக் கத்தினாள்
(தன் குரல் அவளுக்குக் கேட்காதே):
"இரண்டும் ஒன்றுதான்!"

இல்லை என்று தலையாட்டினேன்.
கையைக் காட்டினேன், விரலைக் காட்டினேன்.
அவள் தொப்பியைக் காட்டினாள்.

நடுவில் பட்டபோதெல்லாம்
பெட்டியும் அவள் கட்சிதான்:
நூற்று நாற்பத்தைந்து கஜம், இதற்கும் அதற்கும்.
முனையில் பட்டபோதுதான் பிரிந்தன.
வார்த்தது நூற்று முப்பத்தெட்டு.
அடித்தது நூற்று இருபத்தாறு,
கூடவே முழங்கை வரைக்கும் சுளீர்.

எத்தனை பேருக்கு
இரும்பு என்று நினைத்து
வார்த்தையை விற்றிருக்கிறேன்?
நான் மெத்து என்றதெல்லாம்
ஒரு 'தொப்'.
கடினம் என்றதெல்லாம்
ஒரு 'டிங்'.

காகிதத்தில் எழுதிக் கேட்டேன்: எது வேண்டும்?
"நாலிலிருந்து ஏழு வரை வார்த்தது.
பதினாலாவது குழிக்கு முன்னால் ஓடை இருக்கிறது,
அதனிடம் எனக்கு வீம்பு கிடையாது.
எட்டுக்கு மேல் அடித்தது கொடு.
கோணத்தை ஒரு பாகை வளைத்துக்கொடு,
அதுதான் வளையுமே."
பற்றவைத்தவளுக்கு எஃகைப் பற்றி
நான் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

"அந்தச் சுளீர்?" என்று கையால் கேட்டேன்.
இந்த முறை மெதுவாகத்தான் சொன்னாள்:
"கத்த வேண்டியிருக்கிறதே என்று
எல்லாரும் எனக்குப் பாதிதான் சொல்கிறார்கள்.
இதாவது முழுசாகச் சொல்லட்டும்."

இரவு கடை பூட்டியபின்
காதில் மெழுகு அடைத்துக்கொண்டேன்.
என் மட்டைகள் அடித்தவை. இரண்டு மாதச் சம்பளம்.
கடற்காற்றில் குரோமியம் உரிந்த இடத்தில்
செம்பொட்டு வைத்திருக்கும் அழகிகள்.
முதல் பந்து: வேறுதான், சத்தியம் செய்வேன்.
மூன்றாவது: வேறுதான்.
ஏழாவதில் விளக்கை அணைத்துவிட்டு அடித்தேன்.
எது கையில் இருக்கிறதென்று
இருட்டில் விரலால் தடவிப் பார்க்க வேண்டியிருந்தது.

மெழுகை எடுக்காமலே
கொஞ்ச நேரம் பாயில் உட்கார்ந்திருந்தேன்.
மழை நின்றதா என்றுகூடத் தெரியவில்லை.

மறுநாள் இன்வெர்னஸிலிருந்து ஒருவன்,
புதுக் கையுறையும் அவசரமுமாக.
இரண்டையும் நீட்டினேன்.
"எது மெத்து?" என்றான்.

"கேட்டுப் பார்" என்றேன்.